இரவல் கை: அத்தியாயம் ஒன்பது

“கை வந்தாச்சா?”

வெளியே இயக்குநர் குரல் கொடுத்ததும், ஒப்பனை அறையில் உட்கார்ந்திருந்தவள் கையுறையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்தப் படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு அதுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை இங்கே யாரும் கேட்டதில்லை.

“வந்தாச்சு சார். உள்ளே இருக்கு!” என்றது இன்னொரு குரல்.

‘இருக்கு’. குடையைச் சொல்கிற மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இன்று சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. காரணம், கதவுக்கு அந்தப் பக்கம், வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது. வேறு யாருமில்லை, அவளுடைய மாமியார்.

ஊரே கொண்டாடும் அந்த நடிகை விளம்பரங்களில் குழந்தைக்குத் தலைவாரிவிடுவாள். பழச்சாறு ஊற்றிக் கொடுப்பாள். காய்ச்சலில் கிடக்கும் கணவனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். முகம் நடிகையுடையது. அருகில் காட்டும்போது வரும் கை இவளுடையது. சின்ன வயதில் கார்க் கதவில் நசுங்கிய நடிகையின் விரல்கள் கொஞ்சம் கோணல். அதனால் இந்த இரவல் ஏற்பாடு. இவளுடைய கணவனைத் தவிர வெளியாள் யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் வேலை போய்விடும் என்பது நடிகையின் செயலாளர் அம்மா போட்ட கண்டிப்பான கட்டளை.

கணவனுக்குத் தெரியும். அவன் இதே விளம்பரக் கம்பெனியில் உடைகளை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுகிறான். அவன் மூலமாகத்தான் வேலையே வந்தது. மாமியாரிடம் மட்டும் சொல்ல முடியாது. குடியிருப்பில் அத்தைக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அத்தைக்கும் அது தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தண்ணீரில் ஊறக் கூடாது, வெயில் படக் கூடாது, கத்தி பிடிக்கக் கூடாது. கையை அப்படிக் காப்பாற்ற வேண்டிய வேலை. வீட்டில் ‘தோல் அலர்ஜி’ என்று சொல்லி வைத்திருந்தாள். அது போன வாரம் வெடித்தே விட்டது.

“என்ன அலர்ஜி அது, பாத்திரத்தைப் பார்த்தா மட்டும் வர்ற அலர்ஜி?” அத்தை கூடத்தின் நடுவில் நின்று கேட்டார். “என் பையன் வேலைக்கும் போயிட்டு வந்து பாத்திரமும் தேய்க்கிறான். இவ கையுறை மாட்டிக்கிட்டு மகாராணி மாதிரி உக்காந்திருக்கா. அங்க டிவியைப் பாரு! எவ்ளோ பெரிய நடிகை. குழந்தைக்கு எவ்ளோ பாசமா வாரிவிடறா! அந்தக் கையைப் பார்த்தாவது கத்துக்கோடி!”

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கணவனுக்குப் புரை ஏறியது. அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் கையைத் தானே டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அத்தை பெட்டி கட்டிவிட்டார். “இனிமே என் பொண்ணு வீட்டோட இருந்துக்கறேன்” என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சத்தமில்லாமல் சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வாரம் முழுக்கச் சமாதானம் பேசிப் பார்த்த கணவன், கடைசியில் ஒரு பிரம்மாஸ்திரம் எடுத்தான். “சரிம்மா, போ. போறதுக்கு முன்னாடி உன் நடிகையை ஒரு தடவை நேர்ல காட்டிடறேன். அப்படியே அக்கா வீட்ல இறக்கிவிட்டுடறேன்.” அம்மாவின் மனம் குளிரும், குளிர்ந்தால் மாறும் என்று அவன் கணக்கு. கை வேலை நாளைக்குத்தான் என்பதால் ஆபத்தும் இல்லை. தன் அம்மா என்று தளத்தில் யாரிடமும் சொல்லாமல், கடைசி வரிசையில் உட்கார வைத்தால் போதும்.

காலையில் அவன் அம்மாவையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு செயலாளர் அம்மாவிடமிருந்து இவளுக்குப் போன். “நாளைக்கு இல்ல, எல்லாம் இன்னிக்கே. கார் அனுப்பியிருக்கேன், ஏறு!”

கணவன் வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டான். நல்ல பழக்கம். அதுதான் இன்றைக்கு வினையாகிவிட்டது.

இப்போது அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். தளத்தில் மூன்றே சுவர் உள்ள படுக்கையறை. ஜன்னலுக்கு வெளியே குழாயில் மழை. நடிகை களைத்துப் போய் வீட்டுக்குள் வருகிறாள். செருப்பைக் கழற்றுகிறாள். கட்டிலில் அம்மா குளிரில் சுருண்டு தூங்குவதைப் பார்க்கிறாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை இல்லை. உதடு லேசாகத் துடித்தது. கண் நிறைந்தது, வழியவில்லை.

“கட்!” என்றதும் அந்தக் கண்ணீர் போன இடம் தெரியவில்லை. நடிகை கொட்டாவி விட்டபடி, தனக்கென்று நிறுத்தியிருந்த சொகுசு வண்டிக்குப் போய்விட்டாள்.

ஆனால் கடைசி வரிசையில் அத்தையின் கண்ணீர் நிற்கவே இல்லை. பக்கத்தில் நின்ற கணவன் கைக்குட்டை கொடுத்தான். அதையும் நனைத்துவிட்டு அவர் அடுத்ததற்குக் கை நீட்டினார். நல்லவேளை, இப்போதைக்கு இந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

கட்டிலில் படுத்திருந்த ‘அம்மா’ நடிகைதான் கெடுத்தார். புதுப் போர்வையின் பஞ்சு மூக்கில் ஏறிவிட்டது. தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை, கட்டிலே ஆடியது.

“போர்வை விளம்பரத்துல தும்மினா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்,” என்று போர்வைக் கம்பெனிக்காரர் தலையில் கை வைத்தார்.

“கை வர்ற ஷாட்டுல முகம் தெரியாது சார். தோளும் காலும் போதும்,” என்றார் இயக்குநர். “யாராவது வயசான அம்மாவைப் படுக்க வைங்க.”

யாரைப் பிடித்தார்களோ, ஒப்பனை அறைக்குள் இருந்தவளுக்குத் தெரியாது. கையுறையைக் கழற்றி, நடிகை போட்டிருந்த அதே மோதிரமும் அதே நீலச் சட்டையின் கையும் மாட்டிவிட்டார்கள். இயக்குநர் உள்ளே வந்தார்.

“இங்க பாரு. ஜனங்க முகத்தைப் பார்த்து ஆசைப்படுவாங்க. கையைப் பார்த்துத்தான் நம்புவாங்க. போர்வையைத் தோள் வரைக்கும் இழுத்துட்டு, கன்னத்துக்கிட்ட ஒரு நிமிஷம் தயங்கு. தொடலாமா, தொட்டா முழிச்சிடுவாங்களான்னு. அந்தத் தயக்கத்துலதான் பாக்கறவங்களுக்கு அவங்கவங்க அம்மா ஞாபகம் வரும். அப்புறம் கால் வரைக்கும் மூடு. அங்க நம்ம வாசகம் வரும்: ‘தலைமுதல் கால்வரை அன்பு’. நானே எழுதினது. எப்படி?”

“நல்லா இருக்கு சார்.”

“கட்டில்ல இருக்கற அம்மாகிட்ட, நடிகையே வந்து போர்த்தப் போறாங்கன்னு சொல்லியிருக்கோம். நீ வாயைத் திறந்துடாதே.”

விளக்குகளுக்கு நடுவே, தரையோடு தரையாகக் குனிந்து அவள் கட்டிலுக்கு வந்தாள். தலையணையைப் பார்த்தாள்.

நரைத்த கொண்டை. அதில் செருகிய பழுப்புச் சீப்பு. ஒரு பல் உடைந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்ததால் உடைந்த பல். அதற்காக ஒரு வாரம் பாட்டு வாங்கியிருக்கிறாள்.

தளத்தின் மூலையில் கணவன் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான்.

அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கண் இறுக மூடியிருந்தது. வாயெல்லாம் பல். “நீங்க பயப்படாமப் போர்த்துங்கம்மா,” என்றார், நடிகையிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு. “நான் அசையவே மாட்டேன். உங்க எல்லா விளம்பரமும் பார்த்திருக்கேன். உங்க கையைப் பத்தித்தான் என் மருமககிட்ட தினமும் சொல்லுவேன்.”

“பேசாதீங்கம்மா, தூங்கறீங்க!” என்றார் இயக்குநர். “கேமரா… ஆக்‌ஷன்!”

முதல் தடவை அவள் கை நடுங்கியது. “கட்! என்ன, போர்வைக்குக் காய்ச்சலா?”

இரண்டாம் தடவை நடுக்கம் இல்லை. எதுவுமே இல்லை. “கட்! அழகா இருக்கு. ஆனா ஹோட்டல்ல படுக்கை விரிக்கற மாதிரி இருக்கு.” இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அவள் காதோரம் குனிந்தார். “இது நடிகையோட கைங்கறதை மறந்துடு. உன் வீட்ல யாரையாவது போர்த்துவியே, அப்படிப் போர்த்து. போதும்.”

உன் வீட்டில் யாரையாவது.

அவள் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். விளக்கும் கேமராவும் தள்ளிப் போன மாதிரி இருந்தது. போர்வையைத் தோள்வரை ஏற்றினாள். முதுகுப் பக்கம் காற்று நுழையாமல் செருகினாள். கன்னத்தருகே கை தானாகவே நின்றது. நடிப்பு ஒன்றும் இல்லை, அத்தை விழித்துவிட்டால் என்ன செய்வது என்று தினமும் நிற்கிற இடம்தான் அது. பிறகு கை கீழே போனது. போர்வையின் முனையைத் தூக்கி, கணுக்காலுக்கு மேலே மடித்து, இரண்டு பாதங்களையும் வெளியே எடுத்து விட்டது.

அந்தப் பாதங்களின் விரல்கள் ஒரு தடவை விரிந்தன. அப்புறம் சந்தோஷமாக ஆட ஆரம்பித்தன.

“கட்! கட்!” கத்தியவர் இயக்குநர் இல்லை, போர்வைக் கம்பெனிக்காரர். “என்ன சார் கூத்து இது? போர்வை விளம்பரத்துல கால் ரெண்டும் வெளியே நிக்குது! ‘கால்வரை அன்பு’ன்னு யார் நம்புவாங்க?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பழக்க தோஷம். அத்தைக்குக் காலை மூடினால் மூச்சு முட்டும். எவ்வளவு குளிரானாலும் பாதம் வெளியே இருந்தால்தான் தூக்கம். கூடத்தில் படுத்திருப்பவர் மேல் போர்வை நழுவிக் கிடக்கும்போதெல்லாம், தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும் இவள்தான் இப்படிப் போர்த்திவிட்டுப் போவாள். பகலில் எத்தனை சண்டை நடந்திருந்தாலும் சரி.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“ஏண்டி…” அத்தையின் குரல் மூச்சுக்காற்றளவு. “நீயா?”

“அத்தை, திரும்பாதீங்க. வேலை போயிடும்.”

“திரும்பலை. கண்ணு மூடித்தான் இருக்கு.” ஆனால் போர்வைக்குள் அந்தத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகையா, சிரிப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இயக்குநர் திரையில் அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் ஓடவிட்டார்.

“எங்கம்மாவுக்கு ஒத்தக் கால் மட்டும் வெளியே இருக்கணும்,” என்றது மேலேயிருந்து ஒரு குரல். விளக்குப் பிடிப்பவர், ஏணியில் உட்கார்ந்தபடி. “இடது கால். வலது கால் வெளியே வந்தா கோவம் வந்துடும்.”

“எங்கம்மா தலையோட மூடிக்குவாங்க,” என்றாள் ஒப்பனைக்காரப் பெண். “எப்படித்தான் மூச்சு விடறாங்களோ!”

“எங்கம்மா தலையணையைக் காலுக்கு வெச்சுப்பாங்க…”

“எங்க வீட்ல…”

தளம் முழுக்க அம்மாக்கள் தூங்க ஆரம்பித்துவிட்டார்கள். இயக்குநர் மெல்லத் திரும்பி, போர்வைக் கம்பெனிக்காரரைப் பார்த்தார். “உங்கம்மா எப்படி சார் தூங்குவாங்க?”

அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். “அவங்க… போர்வையே வேண்டாம்பாங்க. வேர்க்குதாம்.”

சிரிப்பில் தளமே அதிர்ந்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

“பார்த்தீங்களா? ‘தலைமுதல் கால்வரை’ன்னு நான் எழுதினதைக் கேட்டு இங்க ஒருத்தருக்கும் அவங்கம்மா ஞாபகம் வரலை. ரெண்டு பாதத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் வந்துடுச்சு.” இயக்குநர் தன் வாசகத்தைத் தானே கிழித்துப் போடுகிற உற்சாகத்தில் இருந்தார். “புது வாசகம்: ‘அம்மாவுக்கு எப்படிப் பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியும்.’ முதல்ல நடிகை முகம். அப்புறம் கை. அப்புறம் இந்த விரல் ஆடறது. அது மேல இந்த வரி. முடிஞ்சது!”

ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. செயலாளர் அம்மா கட்டிலருகே வந்து நின்றார்.

“ஒரு சந்தேகம். இவங்களுக்குக் காலை மூடினா பிடிக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? முன்னாடியே பழக்கமா?”

கணவன் பிடித்திருந்த உடைத் தாங்கி சரிந்து, ஹேங்கர்கள் சடசடவென்று கொட்டின.

அத்தை எழுந்து உட்கார்ந்தார். கொண்டையைச் சரிசெய்தார். மருமகளை ஏற இறங்கப் பார்த்தார், கடையில் பொருளைப் பார்ப்பது மாதிரி.

“பழக்கமா? இந்தப் பொண்ணை நான் இப்பத்தான் பார்க்கறேன். நான்தான் காலை உதறினேன், பாவம், புள்ள என்ன செய்யும்? ஆமா, நீ யாரும்மா? போர்த்தினது நடிகையம்மான்னு இல்ல நினைச்சேன்!”

வாழ்நாளெல்லாம் டிவி பார்த்தது வீண்போகவில்லை. செயலாளர் அம்மா முகம் தளர்ந்தது. “இங்க பார்த்ததை வெளியே யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“நானா? நான் வாயைத் திறந்தாத்தானே!”

கொட்டிய ஹேங்கர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த கணவனுக்கு இருமல் வந்துவிட்டது.

வேன் நகர்ந்து வெளிவாசலைத் தாண்டியது. முன் இருக்கையில் கணவன், அத்தை, அவள். பின்னால் தொங்கும் உடைகளுக்கு நடுவே அத்தையின் பெட்டி.

“காட்டு,” என்றார் அத்தை.

அவள் கையுறையைக் கழற்றினாள். அத்தை அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டிவியில கொஞ்சம் பெரிசாத் தெரிஞ்சுது.”

“அத்தை!”

“அந்தக் கையைப் பார்த்துக் கத்துக்கோன்னு உங்கிட்டயே சொல்லியிருக்கேன்… கத்துக்கிட்டியாடி?” அவ்வளவுதான், அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும். ஒருவர் அடக்கினால் அடுத்தவர் ஆரம்பித்தார்.

மூச்சு வாங்கிய பிறகு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னை யாரோ போர்த்திவிட்டுட்டுப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். அரைத் தூக்கத்துல தெரியும். என் பையன்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“நானா?” என்றான் கணவன். “நான் படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேனேம்மா.”

“ஏண்டா, அப்போ காலைல உனக்கு மட்டும் கூடுதலா ஒரு முட்டை வைக்கறேனே, அது எதுக்குன்னு நினைச்சே?”

“பாசம்னு நினைச்சேன்.”

“அந்த முட்டையெல்லாம் என்னோடதா?” என்று அவள் நிமிர்ந்தாள்.

“எல்லாம் செமிச்சாச்சு. இனிமே கேட்காதே,” என்றான் அவன்.

அத்தை அவள் கையை விடவில்லை. “ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லலாம்னுதான்… ஆனா நீங்க…”

“ரேடியோ. சொல்லு, பரவாயில்ல.”

நாற்சந்தியில் வேன் நின்றது. கணவன் இடது பக்கம் போவதற்கு விளக்குப் போட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டான். “அக்கா வீட்டுக்கு இந்தப் பக்கம்மா.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்க வேண்டும் போலவும் இருந்தது. கேட்டு வாங்கக் கூடாது போலவும் இருந்தது.

“நேரா போடா,” என்றார் அத்தை.

“அக்கா காத்துக்கிட்டிருப்பாளே…”

“அவளுக்கு என்ன தெரியும்? இழுத்துக் காலையும் சேர்த்து மூடிடுவா. நேரா போன்னா போயேன்!”

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். வேன் நேராகப் போனது. அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. திரும்பினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அத்தை அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கையுறைக்குள் திருப்பிச் செருகினார். “வெயில் படுது பாரு. வேலைக்கு ஆகுமா?” என்று அதட்டினார்.

அத்தையின் போன் அடித்தது. மேல்வீட்டு அக்கா. குரல் வேன் முழுக்கக் கேட்டது. “பார்த்தீங்களா? நேர்ல எப்படி இருக்காங்க? அந்தக் கை நிஜமாவே அவ்ளோ அழகா?”

கணவன் வேகத்தைக் குறைத்தான். அத்தையின் வாய் திறந்தது. இத்தனை வருஷத்தில் கிடைத்ததிலேயே பெரிய செய்தி நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் பக்கத்தில் இருந்த கையுறையைப் பார்த்தார். ஒரு மிடறு விழுங்கினார்.

“பார்த்தேன். நல்லா இருக்காங்க. வெச்சிடட்டுமா?”

வைத்தும்விட்டார். மேல்வீட்டு அக்கா இதை நம்பச் சில நாள் ஆகும்.

அந்தச் சாதனையை மூவரும் கொண்டாடி முடிப்பதற்குள் அடுத்த போன். இந்தத் தடவை அவளுடையது. செயலாளர் அம்மா.

“கவனமாக் கேளு. அந்தக் கால் ஷாட்டை நடிகையம்மா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. அந்த அம்மா விரலை ஆட்டினது, பழகின ஆளுக்கு ஆட்டற மாதிரி இருக்காம். வீட்ல யாரோ ஒருத்தி தினமும் இப்படிப் போர்த்திவிடறா, அவ மருமகளாத்தான் இருக்கணும்னு சொல்றாங்க. நாளைக்கு அந்த ரெண்டு பேரையும் அவங்க பார்க்கணுமாம். அந்த அம்மா உன்கிட்டதான் பேசினாங்க, எங்கேயாவது தேடிப் பிடி. மருமகளையும் கூட்டிட்டு வரச் சொல்லு.”

“எங்கே… எங்கே இருப்பாங்கன்னு தெரியலையே மேடம்,” என்றாள் அவள். ‘அந்த அம்மா’ பக்கத்திலிருந்து அவள் தொடையைக் கிள்ளினார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்புறம், நீயும் வரணும். உன்னையும் அவங்க பார்க்கணுமாம், முதல் தடவையா.”

போன் அணைந்தது. அத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்று விரல் வந்தது, ஆள் இரண்டுதான்.

“மாமியார் நான். சரி. கையா வர வேண்டியதும் நீ. மருமகளா வர வேண்டியதும் நீ. ஒரே அறைக்குள்ள, ஒரே நேரத்துல…” அவர் மருமகள் பக்கம் திரும்பினார். “எப்படிடி?”

கணவன் வேனை ஓரம் கட்டி நிறுத்தினான். சிரித்துக்கொண்டே வண்டி ஓட்ட முடியவில்லை.